சுபாங்கிலிருந்து பறப்பவர்களுக்கு: தூரமும் நேரமும்

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி. டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும். அதை நம்பி, "ஒரு மணி நேரத்தில் பினாங்கு போய்விடலாம்" என்று பத்தாங் பெர்ஜுந்தையிலோ ஜெராமிலோ ஒரு குடும்பம் திட்டம் போட்டால், கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். வீட்டைப் பூட்டும் நேரத்திலிருந்து உறவினர் வீட்டுக் கதவைத் தட்டும் நேரம்வரை கணக்கிட்டால், அந்த ஒரு மணி ஐந்து நிமிடம் மொத்தப் பயணத்தில் கால் பங்குதான். மிச்சமுள்ள முக்கால் பங்கை எப்படிக் கணக்கிடுவது, எந்த ஊருக்கு விமானம், எந்த ஊருக்கு ரயில், எந்த ஊருக்குச் சொந்தக் காடி என்று எப்படி முடிவெடுப்பது என்பதற்காகவே இந்த அத்தியாயம். வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களிலும் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கோலாலம்பூர் நகரத்துக்காரர்களின் கணக்கு நமக்குப் பொருந்தாது.

முதலில் விமான நிலையம். கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு மிக அருகில் இருப்பது சுபாங்கின் சுல்தான் அப்துல் அஸீஸ் ஷா விமான நிலையம். 1965 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, 1998 ஜூனில் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கும்வரை நாட்டின் முதன்மை நிலையமாக இருந்தது இதுதான். ஊரிலிருந்து வந்தவர்களை வரவேற்கவும் ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பவும் லாரி பிடித்துப் போன இடம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இந்தச் சுபாங்கைத்தான். 2007-இல் ஃபயர்ஃப்ளை நிறுவனம் தொடங்கிய பிறகு, இறக்கைச் சுழலி விமானங்கள் பறக்கும் உள்நாட்டு நிலையமாக அது மறுபடியும் உயிர்பெற்றது. 2024 ஆகஸ்டு முதல் ஜெட் விமானங்களுக்கும் மீண்டும் அனுமதி தரப்பட்டது. ஆனால் எந்த ஊருக்கு எந்த நிறுவனம் பறக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறது. போன தீபாவளிக்குப் பறந்த சேவை இந்தத் தீபாவளிக்கும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நாள் குறிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். எஸ்.இஸட்.பி. என்றால் சுபாங். கே.யூ.எல். என்றால் சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. இரண்டையும் "கோலாலம்பூர்" என்ற ஒரே பெயரின் கீழ் காட்டுகிற செயலிகள் உண்டு. சில வெள்ளி குறைவாக இருக்கிறதே என்று அழுத்திவிட்டால், கோலசிலாங்கூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் முடியவேண்டிய சாலைப் பயணம் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தவறான நிலையத்துக்கு வந்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிப் பிடிப்பதும் நடக்காது. நடுவே ஒரு மணி நேரச் சாலை இருக்கிறது. கே.எல்.ஐ.ஏ.யிலும் முதல் முனையம், இரண்டாம் முனையம் என்று இரண்டு உண்டு. அதையும் டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள வான்தூரத்தை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு இந்தக் கணக்கு மிகவும் எளிது. அட்சரேகையில் ஒரு பாகை என்றால் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகையின் நீளம் வடக்கே போகப் போகக் குறையும். ஆனால் மலேசியா இருக்கும் இடத்தில் அந்தக் குறைவு மிகச் சிறியது என்பதால் அதையும் 111 என்றே வைத்துக்கொள்ளலாம்.

சுபாங் இருப்பது வடக்கு 3.13, கிழக்கு 101.55. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் வடக்கு 5.30, கிழக்கு 100.28. வடக்கு நோக்கிய வித்தியாசம் 2.17 பாகை, 111-ஆல் பெருக்கினால் 241 கிலோமீட்டர். மேற்கு நோக்கிய வித்தியாசம் 1.27 பாகை, அது 141 கிலோமீட்டர். இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றப்படி இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 279 வரும். பூமியின் வளைவையும் சேர்த்துத் துல்லியமாகப் பார்த்தாலும் 278 தான். இடைநிலைப்பள்ளிப் பிள்ளை கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. வீட்டுப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்துக் கணிதம் தங்கள் வீட்டுப் பயணத்துக்கு உதவுவதைப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

இதே முறையில் சுபாங்கிலிருந்து ஜொகூர் பாருவின் செனாய் நிலையம் சுமார் 288 கிலோமீட்டர். கோத்தா பாரு 346. கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து பினாங்கு 325; அதாவது சுபாங்கிலிருந்து போவதைவிட 47 கிலோமீட்டர் அதிகம்.

வரைபடத்தில் சுபாங்குக்கும் பாயான் லெப்பாஸுக்கும் இடையே ஒரு அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு பத்தாங் பெர்ஜுந்தைக்கு (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) ஏறக்குறைய நேர் மேலே போகும். பிறகு தெலுக் இந்தான், புருவாஸ் பக்கமாகப் போய், கோல குராவ் அருகே கடலுக்குள் இறங்கும். விமானங்கள் இந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வான்வழித் தூரம் 242 கிலோமீட்டர்தான். நாமோ பினாங்குக்குப் போகத் தென்கிழக்கே 50 கிலோமீட்டர் எதிர்த்திசையில் காடி ஓட்டி, அங்கிருந்து விமானம் ஏறி, நம் தோட்டங்களின் பக்கமாகவே திரும்பிப் பறந்து வடக்கே போகிறோம். வடக்கே போகும் பயணங்களில் விமானம் நமக்கு அவ்வளவாக நேரம் மிச்சம் பிடித்துத் தராததற்கு முதல் காரணம் இதுதான். தெற்கே ஜொகூருக்கும் வடகிழக்கே கிளந்தானுக்கும் போகும்போது இந்த அளவுக்கு எதிர்த்திசைப் பயணம் கிடையாது.

பறக்கும் நேரம் ஏன் ஒரு மணியைத் தாண்டுகிறது

சுபாங்கில் அதிகம் காண்பது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழலிகள், எழுபது பேர் அளவுக்கு இருக்கைகள். உச்ச வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 510 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் 278 கிலோமீட்டரைக் கடக்க முப்பத்து மூன்று நிமிடம் போதும். அட்டவணையில் மட்டும் ஏன் அறுபத்தைந்து நிமிடம் இருக்கிறது?

அட்டவணை நேரம் சக்கரத் தடை எடுத்து விமானம் நகரத் தொடங்கும்போது ஆரம்பிக்கிறது. போய்ச்சேர்ந்த நிலையத்தில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதை முனைவரை உருண்டு போகவேண்டும். முன்னால் வேறு விமானம் இருந்தால் காத்திருக்கவேண்டும். மேலேறும்போது வேகம் குறைவு. இறங்கும்போது காற்றின் திசையைப் பொறுத்து, நிலையத்தைத் தாண்டிப்போய் வளைந்து வரவேண்டியிருக்கும். பினாங்கில் தீவின் மலைகளையும் கடலையும் கணக்கில் வைத்துத்தான் விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்து அரைமணி நேரம் போய்விடுகிறது. தூரம் 280 கிலோமீட்டராக இருந்தாலும் 350-ஆக இருந்தாலும் இந்த அரைமணியில் பெரிய மாற்றமில்லை.

ஆகவே வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கமான வாய்ப்பாடு: ஏ.டி.ஆர். விமானம் என்றால் கிலோமீட்டரை 8-ஆல் வகுத்து, முப்பது நிமிடம் கூட்டுங்கள். ஜெட் என்றால் 13-ஆல் வகுத்து, அதே முப்பதைக் கூட்டுங்கள். பினாங்குக்கு 278-ஐ 8-ஆல் வகுத்தால் 35. முப்பதைக் கூட்டினால் 65 நிமிடம். கோத்தா பாருவுக்கு 73 நிமிடம். கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து பினாங்குக்கு ஜெட்டில் 325-ஐ 13-ஆல் வகுத்து முப்பதைக் கூட்டினால் 55 நிமிடம். வேகத்தில் எவ்வளவோ வித்தியாசம் இருக்கும் இரண்டு விமானங்களுக்கும் இந்தத் தூரத்தில் பத்து நிமிட வித்தியாசம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் கோலசிலாங்கூரிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வரை போவது சரியான கணக்கில்லை என்பதே என் உறுதியான கருத்து. கட்டணத்தில் குடும்பத்துக்கே சேர்த்து நல்ல மிச்சம் வந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் டோல், எண்ணெய், காடி நிறுத்தும் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து சுபாங்குக்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி ஆசாம் ஜாவா, சௌஜானா உத்தாமா, சுங்கை பூலோ வழியாகப் போகும் 54-ஆம் எண் கூட்டரசுச் சாலை; டோல் இல்லை, ஆனால் விளக்குச் சந்திப்புகளும் காலை நெரிசலும் அதிகம். மற்றது 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை. அதில் ஏறி, கத்ரி நெடுஞ்சாலைக்கு மாறி, சுபாங் பக்கம் இறங்கலாம். அமைதியான நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலை ஆறரையிலிருந்து ஒன்பதுவரை சுங்கை பூலோ, ஷா ஆலாம் பக்கம் வேலைக்குப் போகும் காடிகள் நிறைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பயணச் சீட்டு பதிவு முகப்பு, விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடப்படுவதுண்டு. வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது.

இப்போது பினாங்குக் கணக்கு. சாலையில் ஒரு மணி, நிலையத்தில் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி ஐந்து நிமிடம், பெட்டி எடுக்க இருபது நிமிடம், பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நாற்பது நிமிடம். மொத்தம் நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம். கோலசிலாங்கூரிலிருந்து சொந்தக் காடியில் தெலுக் இந்தான், பீடோர் வழியாக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நடுவே ஒரு தேநீருக்கு நிறுத்தினாலும் சாதாரண நாளில் நான்கரை மணியிலிருந்து ஐந்து மணிக்குள். ஆக இரண்டும் சமம். குடும்பமாகப் போகிறவர்களுக்குக் காடியே மேல். தனியாகப் போகிறவருக்கு விமானம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களும், தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் போகிறவர்களும் இந்தக் கணக்கை மாற்றிப் போடவேண்டும். அந்த நாட்களில் நெடுஞ்சாலையில் ஏழெட்டு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. விமானம் அப்போது உண்மையிலேயே நேரம் மிச்சம் பிடித்துத் தரும். டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்திருந்தால் பணமும் தாங்கும்.

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கம் உறவினர் இருந்தால் விமானத்தை மறந்துவிடலாம். தீவில் இறங்கிப் பாலம் கடந்து மறுபடியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும். அதற்கு இ.டி.எஸ். ரயில் சிறந்தது. சுங்கை பூலோ, ரவாங், தஞ்சோங் மாலிம் நிலையங்களில் ஏறலாம். ரவாங்கிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சுங்கை பட்டாணி நகரத்துக்குள்ளேயே இறக்கிவிடும். பத்தாங் பெர்ஜுந்தை, மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர் தோட்டம் பக்கம் இருப்பவர்களுக்கும் பத்தாங் காலி, கலும்பாங் பக்கம் இருப்பவர்களுக்கும் வடக்கே போகும் எல்லாப் பயணத்துக்கும் நான் முதலில் சொல்வது ரயிலைத்தான். இடுப்புவலி உள்ள பெரியவர்கள் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, பெட்டிக்கு எடைக்கட்டணம் கேட்பதில்லை. பெருநாள் டிக்கெட்டுகள் மட்டும் விற்பனை தொடங்கிய சில நாட்களிலேயே தீர்ந்துபோகும்.

சபாக் பெர்ணம், சுங்கை பெசார், செகிஞ்சான் வாசிகள் வடக்கே போகச் சுபாங்குக்கு வருவதில் பொருளே இல்லை. தெலுக் இந்தான் அவர்களுக்குப் பக்கம். பந்திங்கிலிருந்து தைப்பிங்வரை 233 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலை பகுதி பகுதியாகத் திறந்துவருகிறது. அது முழுதாக இணையும்போது இந்த வட்டாரத்தின் வடக்குப் பயணக் கணக்கை மறுபடி எழுதவேண்டி வரும்.

மற்ற எல்லா ஊர்களையும்விட விமானம் நமக்கு அதிகம் உதவுவது கோத்தா பாருவுக்குத்தான். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம், தாதிமை, பல் மருத்துவம் என்று படிக்கிறார்கள். முதல் நாள் கொண்டுபோய் விடவும், உடல்நலம் சரியில்லை என்றால் பார்த்துவரவும் பெற்றோர் காராக், பெந்தோங், குவா மூசாங் வழியாக மலைப்பாதையில் எட்டு ஒன்பது மணி நேரம் காடி ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் இரவில், வேலை முடிந்த கையோடு. எண்ணெய்ப்பனை லாரிகளும் மழையும் உள்ள சாலை அது. விமானத்தில் போனால் சாலையில் ஒரு மணி, நிலையத்தில் ஒன்றரை, பறக்க ஒன்றேகால், பெட்டிக்கு இருபது நிமிடம், பெங்காலான் செப்பா நிலையத்திலிருந்து வளாகத்துக்கு அரைமணி. நான்கரை மணிக்குச் சற்று அதிகம். பாதி நேரம் மிச்சம். இரண்டு பேர் போவதற்கு முன்பதிவு டிக்கெட் எடுத்தால் அதற்கும் எண்ணெய், டோல் செலவுக்கும் பெரிய வித்தியாசம் வராத நாட்கள் உண்டு. பிள்ளையின் விடுமுறைத் தேதிகள் கைக்கு வந்ததுமே டிக்கெட் பாருங்கள். களைப்போடு இரவில் அந்த மலைப்பாதையில் ஓட்டாதீர்கள்.

ஜொகூர் பாரு சமக்கணக்குதான். செனாய் நிலையம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பேருந்தையே விரும்புகிறார்கள், அது இரவில் ஓடுவதால் ஒரு நாள் வேலையும் கெடாது.

வானிலை, பெட்டி, அடையாள அட்டை

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை வழக்கம். மின்னல் அடிக்கும்போது நிலையப் பணியாளர்களைத் திறந்த வெளியில் வேலை செய்ய விடமாட்டார்கள். பெட்டி ஏற்றுவது நிற்கும், விமானம் நிற்கும். ஏ.டி.ஆர். இருபதாயிரம் அடிக்குக் கீழே பறப்பதால் மேகத்தின் குலுக்கலும் கூடுதலாகத் தெரியும். அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு முன் கிளம்பும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று மழை ஒன்றும் உண்டு. அது வந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். புகைமூட்டக் காலத்தில் மட்டும் எந்தக் கணக்கும் நிற்காது. 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை சூழ்ந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏ.டி.ஆர். விமானத்தின் தலைக்கு மேலுள்ள பெட்டி அடுக்கு சிறியது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளே போகாமல் போகலாம், துணிப்பை நல்லது. கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. முறுக்கு டின், ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் பதிவுப் பெட்டியில் போகட்டும். எல்லாருக்கும் மைகாட், பிள்ளைகளுக்கு மைகிட். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டி தாத்தாக்கள் அசல் அட்டையையே கொண்டுவர வேண்டும்; நகல் செல்லாது. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பதிவு செய்யும் அன்றே பாருங்கள்.

திருச்சிக்குப் போகிறவர்கள் கே.எல்.ஐ.ஏ.தான் போகவேண்டும். தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். நம் வாய்ப்பாட்டின்படி ஏறக்குறைய நான்கு மணி நேரம். டிக்கெட்டில் காலை ஒன்பதுக்குக் கிளம்பி பத்தரைக்கு இறங்குவதாக இருக்கும், ஏனெனில் இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். திரும்பி வரும்போது ஆறரை மணி நேரம் பறப்பதுபோல் தெரியும். சர்க்கரை நோய் மாத்திரையும் இன்சுலினும் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வேளை மருந்து எந்த ஊர் மணிக்கு என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

கடைசியாக, தோட்டத்திலிருந்து கிளம்புவது. விடியற்காலை நான்கு மணிக்கு லயத்து வாசலுக்குக் கிராப் வரும் என்று நம்பி இருக்கவேண்டாம். சுபாங்கில் இறங்கியதும் கிராப் எளிதாகக் கிடைக்கும், ஆனால் மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் வர ஓட்டுநர் மறுப்பதுண்டு. போவதற்கும் வருவதற்கும் பக்கத்து வீட்டுக் காடியை முந்தின நாளே பேசி வையுங்கள். எண்ணெய்க்கும் டோலுக்கும் உரிய பணத்தைக் கையோடு கொடுத்துவிடுங்கள். காடிக்காரரிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதனுடன் அரைமணி கூட்டிச் சொல்லுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அழைத்தால் அவர் நிறுத்துமிடக் கட்டணம் கட்டாமல் நேரே வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம்.